மலை மேல் ஊர்

இத்தாலி நாட்டின் தலைநகரம் ரோம். அங்கிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் ஒரு செங்குத்தான பாறை தெரியும். அதன் தலைமேல் ஓர் ஊர் இருக்கிறது. கீழே திராட்சைத் தோட்டங்களும் ஆலிவ் மரங்களும் இருக்கின்றன. ஊரின் பெயர் ஓர்வியேட்டோ.

நிலம் கீழே இருக்கிறது. வீட்டை மட்டும் ஏன் மேலே கட்டினார்கள்? தினமும் ஏறி இறங்கினால் கால் வலிக்காதா? வலிக்கத்தான் செய்யும். ஆனால் மேலே இருந்தால், பகைவர் படை தூரத்தில் வரும்போதே தெரிந்துவிடும். செங்குத்துப் பாறையில் அவர்களால் எளிதில் ஏறவும் முடியாது.

2,500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எட்ருஸ்கர் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். கி.மு. 264இல் ரோமானியர் படை இந்த ஊரைப் பிடித்தது. ஊரை இடித்தது. மக்களைப் போல்சேனா என்ற ஏரியின் பக்கம் கொண்டுபோய்க் குடியேற்றியது. மலைமேல் இருப்பவர்களை அடக்கி ஆள்வது கடினம் அல்லவா?

ஏரிப் பக்கம் ரோமானியர் முறையில் ஒரு புதிய ஊர் வளர்ந்தது. ரோமுக்குப் போகும் பெரிய சாலை அதன் வழியே சென்றது. அந்த ஊரின் கல் பாவிய தெருவையும், வீட்டுச் சுவர்களையும், மக்கள் கூடிய மன்றத்தையும் இன்றும் பார்க்கலாம்.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ரோமானியரின் ஆட்சி அங்கே சரிந்தது. சாலைகளில் காவல் இல்லை. மக்கள் மறுபடி மலை ஏறினார்கள். ஓர்வியேட்டோ என்றால் 'பழைய ஊர்' என்று பொருள்.

மலை ஊருக்குப் பெரிய கவலை தண்ணீர்தான். பகைவர் கீழே சுற்றி வளைத்துக்கொண்டால் என்ன செய்வது? 1527இல் ஒரு படை ரோம் நகரைச் சூறையாடியது. அந்த ஆண்டின் கடைசியில் போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்ட் தப்பி இந்த ஊருக்கு வந்தார். வந்ததும் ஒரு கிணறு வெட்டச் சொன்னார்.

அது சாதாரணக் கிணறு அல்ல. ஆழம் 50 மீட்டருக்கும் மேல். கழுதைகள் உள்ளே இறங்கித் தண்ணீர் சுமந்து வர வேண்டும். ஒரே படிக்கட்டு இருந்தால் இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளும். அதனால் கிணற்றைச் சுற்றி இரண்டு படிக்கட்டுகள் வைத்தார்கள். ஒன்று இறங்க, மற்றொன்று ஏற. இரண்டும் வழியில் எங்கும் சந்திக்காது. ஒவ்வொன்றிலும் 248 படிகள். வெளிச்சத்துக்குச் சுவரில் 70 ஜன்னல்கள். எவ்வளவு நல்ல யோசனை! வேலை 1537இல்தான் முடிந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே போப்பாண்டவர் இறந்துவிட்டார்.

ஊருக்கு அடியில் நூற்றுக்கணக்கான குகைகளும் உண்டு. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை இது. வெட்டுவது எளிது. சில குகைகளின் சுவரில் வரிசையாக மாடங்கள் குடைந்து, உணவுக்காகப் புறா வளர்த்தார்கள்.

ஆனால் இந்தப் பாறைக்கு அடியில் இருப்பது களிமண். மழை களிமண்ணை அரிக்கிறது. பிடிமானம் போனதும் மேலே உள்ள பாறை உடைந்து விழுகிறது. இதனால் அதிகம் இழந்தது பக்கத்தில் உள்ள சிவிட்டா என்ற சிறிய மலை ஊர். 1695இல் அங்கே நிலநடுக்கமும் வந்தது. பலர் எதிர்ப்பக்க ஊருக்குப் போய்விட்டார்கள். ஊரைச் சுற்றி இருந்த நிலமும் காலப்போக்கில் சரிந்தது. இப்போது அங்கே போக ஒரு நீண்ட நடைபாலம்தான் வழி. அதை 1965இல் கட்டினார்கள்.

சிவிட்டாவைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 2013 முதல் உள்ளே போகக் கட்டணம் உண்டு. பொழுது சாய்ந்ததும் அனேகமாக எல்லாரும் பாலத்தைக் கடந்து திரும்பிவிடுவார்கள். ஊரிலேயே குடியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்.