ஜவ்வாது மலையில் மின்வசதி

ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு மலையாளி பழங்குடியினர் பெருமளவில் வாழ்கின்றனர். குடியிருப்புகள் காப்புக்காடுகளுக்கிடையே சிதறியுள்ளதால், சில வீடுகளுக்காக நெடுந்தொலைவு மின்கம்பி இழுக்க வேண்டியுள்ளது. காட்டு நிலத்தில் கம்பம் நடுவதற்கு 1980 ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒப்புதலும் தேவை.

அரசுக் கணக்கு இந்நிலையை முழுமையாகக் காட்டுவதில்லை. 2004 ஆம் ஆண்டு வரையறைப்படி, ஓர் ஊரின் வீடுகளில் 10% இணைப்புப் பெற்று, பள்ளி முதலிய பொது இடங்களுக்கும் மின்சாரம் கிடைத்தால் அவ்வூர் மின்மயமானதாகக் கொள்ளப்படும். அதன் எல்லைக்குள் தொலைவிலுள்ள குக்கிராமம் இருளில் இருந்தாலும் கணக்கு மாறாது. ஏப்ரல் 28, 2018 இல் இந்திய ஊர்கள் அனைத்தும் மின்மயமானதாக அறிவிக்கப்பட்டதும் இவ்வரையறையின்படியே.

கம்பி எட்டாத வீடுகளுக்குத் தனித்தியங்கும் சூரிய விளக்குகள் ஏற்றவை. தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுடன் 5 சூரிய விளக்குகள் வழங்கப்பட்டன. சூரியத் தகடு 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கக்கூடியது. ஈய-அமில மின்கலமோ (பேட்டரி) சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிடும். அதை மாற்றாவிடில், தகடு நன்றாக இருந்தும் இரவில் விளக்கு எரியாது. ஆகவே இத்தகைய திட்டங்களில் பொருத்தும் செலவை விடப் பராமரிப்பு ஏற்பாடே முதன்மையானது.

இம்மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 இல் திறந்துவைக்கப்பட்டது. வானாய்வுக்கு இருண்ட வானம் இன்றியமையாதது. எனவே இப்பகுதியின் தெருவிளக்குகள் ஒளியை மேல்நோக்கிச் சிதறாதவாறு மறைப்புடன் அமைய வேண்டும். வீட்டினுள் எரியும் சிறு விளக்குகளால் ஆய்வுக்கு இடையூறு மிகக் குறைவே.