எழுந்து நின்றால் ஏன் மயக்கம்?

படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கண் இருளுகிறது, அடுப்படியில் பத்து நிமிடம் நின்றால் தலை சுற்றுகிறது, உட்கார்ந்தால் தெளிகிறது. இவ்வாறு முறையிடும் பெண்மணிகளுக்கு நம் இல்லங்களில் கிடைக்கும் விடை, பெரும்பாலும் பித்தம் அல்லது இரத்தக்குறைவு என்பதே. ஊரை விட்டு வந்த ஏக்கம் என்பாரும் உளர். சில சமயம் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வாய் வறட்சி, வியர்வையின்மை, தீராத மலச்சிக்கல், சிறுநீர்த் தடை ஆகியவையும் உடன் சேர்ந்தால் அலட்சியம் கூடாது.

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை, ஜீரணம் இவற்றை நம்மைக் கேளாமலே நடத்தி வருபவை தன்னியக்க நரம்புகள். நாம் எழும்போது இரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. உடனே இந்நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூளையைக் காக்கின்றன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை வழி தவறி இவற்றையே தாக்குவதும் உண்டு. நரம்பு முடிச்சுகளிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருளை இந்நோயாளிகள் பலரிடம் கண்டதை 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எனினும் ஏறக்குறையப் பாதிப்பேரிடமே அது தென்படுகிறது. ஆகவே இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பதைக் கொண்டு நோயாளி நடிக்கிறார் என்று முடிவு கட்டுவது அநியாயம். கண்ணும் வாயும் உலரும் ஷோகிரன் நோயிலும் இந்நரம்புகள் கெடலாம்.

முதற் சோதனைக்குச் செலவே இல்லை. படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று 3 நிமிடத்திற்குள் மறுமுறையும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் நரம்பியல் நிபுணரை நாடுவது நன்று. வேறு நோய்க்காக உண்ணும் மாத்திரைகளும் இவ்வாறு செய்யுமாதலால் அவற்றையும் காட்டவேண்டும்.

சிகிச்சையில் ஒரு பகுதி, தாக்குதலையே அடக்குவது. ஸ்டீராய்டு, பிறர் அளித்த இரத்தத்திலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலினை நரம்பூசி வழி ஏற்றுதல், பிளாஸ்மா மாற்றம், ரிடக்ஸிமாப் ஆகியவை கையாளப்படுகின்றன. அரிய நோயாதலால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. சிலர் வியக்கத்தக்க அளவு தேறுகின்றனர், சிலர் தேறுவதில்லை. இம்யூனோகுளோபுலின் உடல் எடைக்கேற்ப அளக்கப்படுவது. விலையோ மிக அதிகம். நகையை அடகு வைக்குமுன், பலன் தெரிந்ததா என்பதை எந்த அளவையால், எத்தனை வாரத்தில் அறிவீர்கள் என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவன்று.

மறு பகுதி அன்றாடம் நிமிர்ந்து நடமாட உதவுவது. நீரும் உப்பும் கூட்டுதல் இதில் முக்கியம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் உப்பைக் கூட்டலாகாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும், இறுக்கமான காலுறையும் பயன் தரும். ஃபுளூட்ரோகார்ட்டிசோன் உப்பையும் நீரையும் உடலில் நிறுத்துகிறது. மிடோட்ரின் குழாய்களைச் சுருக்குகிறது. படுத்தால் அழுத்தம் மிகும் என்பதால், படுப்பதற்கு 4 மணி நேரத்திற்குள் அதை உண்ணலாகாது.

வியர்க்காத உடலுக்கு டில்லி, நாகபுரிக் கோடை பேராபத்து. நண்பகலில் வெளியே அனுப்பாதீர். ஈரத்துணி அருகில் இருக்கட்டும். விடுமுறைக்கு ஊர் செல்வோர் மருந்தைப் பெட்டியில் பூட்டாமல் கைப்பையில் வைத்துக்கொள்க. நாட்பட உண்ட ஸ்டீராய்டு இரயிலில் திடீரென நின்றுபோனால், உயிருக்கே இடர் நேரலாம்.