மட்டக்களப்புக் கடலில் மறைந்த நாசகாரி

போர்க்கப்பல் என்றதும் ‘எம்டன்’ என்ற பெயரே நம்மவர் நாவில் முந்தும். ஆயின், ஈழத்துக் கடலிலேயே அமிழ்ந்துபோன ‘வம்பயர்’ என்னும் நாசகாரியை நினைப்பார் அரியர்.

1917ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே நீரில் இறக்கப்பெற்ற இக்கப்பல், 1933இல் அவுஸ்திரேலியக் கடற்படைக்குக் கைமாறிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அதற்கு வயது 22. கப்பலுக்கு அது முதுமை. அதனையும் அதன் தோழமைக் கப்பல்கள் நான்கினையும் ‘பழைய இரும்பு’ என்று ஜெர்மானியப் பிரசாரகர் எள்ளினர். அப்பழைய இரும்பே மத்தியதரைக் கடலிற் படைகளைச் சுமந்தது. 1941 டிசெம்பர் 10இல், மலாயாக் கரைக்கு அப்பால் ‘றிபல்ஸ்’ மூழ்கியபோது, 225 உயிர்களை அலைவாயினின்றும் மீட்டது.

1942 ஏப்ரல் 9. யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாள். முதல்நாளே துறைமுகத்தை நீங்கியிருந்த விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’ மீண்டு வந்துகொண்டிருந்தது. வம்பயர் அதற்குத் துணை. விமானந்தாங்கியிலோ விமானம் ஒன்றேனும் இல்லை! மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் முதலிலும் வம்பயர் அடுத்தும் அமிழ்ந்தன. ஹேர்மிஸில் 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். வம்பயரின் தலைவர் மோரான் தம் கப்பலோடு மறைந்தார். தப்பியோரிற் பெரும்பாலோரை ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

போரின் கணக்கேட்டில் வீழ்த்திய கப்பல்களே பெரிதாய் எழுதப்படுகின்றன. மீட்ட உயிர்களையும் எண்ணக் கற்பிப்போமாயின், வம்பயரின் கதை நம் மாணவர்க்கு உரிய பாடமாகும்.