படி எடுத்த ஏடுகள்

மலாக்கா நகரிலுள்ள செந்நிறத் தேவாலயம் டச்சுக்காரரால் 1753-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அக்காலத்து மலாக்காவின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இவ்வூரோடு நின்றுவிட இயலாது; ஹாலந்து நாட்டின் ஹேக் நகர்வரை செல்லல் வேண்டும். டச்சுக் கம்பெனியார் இங்கெழுதிய கடிதங்களுக்கும் கணக்குகளுக்கும் படி எடுத்துப் பத்தாவியாவுக்கும் தாய்நாட்டுக்கும் அனுப்பிவந்தமையே அதற்குக் காரணம்.

படி எடுத்துப் பல இடங்களில் வைக்கும் வழக்கம் வணிகருக்கே உரியதன்று. கிறித்தவத் திருச்சபை தன் இளமையிலேயே அதனை மேற்கொண்டது. பவுலடியாரின் நிருபங்களுள் ஒன்றுக்கேனும் மூல ஏடு இன்றில்லை. ஊர்தோறும் எடுத்த படிகளே நமக்குக் கிடைத்துள்ளன. கொலோசெயருக்கு வரைந்த நிருபத்தில், அதனை லவோதிக்கேயச் சபையாரும் வாசிக்க வேண்டும், அங்குள்ள நிருபத்தைக் கொலோசெயர் வாசிக்க வேண்டும் என்றொரு ஏற்பாடு காணப்படுகிறது. முன்னது நிலைத்தது. பின்னது அழிந்ததா, வேறு பெயரில் உள்ளதா என அறிஞர் இன்னும் வாதிடுவர்.

தமிழகத்தில் இதற்குச் சிறந்த சான்று தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கும் அவருக்குப் பின்வந்தோரும் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகருக்குச் சென்றன. 1710 முதல் அங்கு அச்சேறின. சீகன்பால்கு 1713-இல் தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி எழுதியனுப்பிய பெருநூலை அக்காலத்தார் அச்சிடவில்லை. எனினும் ஏடு காக்கப்பட்டது. 1867-இல் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது. விரும்பாத நூலையும் எறியாமல் வைத்திருந்தார்களே, அது பெரிது!

ஆயின் ஓர் இழப்பும் உண்டு. 1712 முதல் 1714 வரை பாதிரிமார் கேட்ட வினாக்களுக்குத் தமிழர் விடையாக வரைந்த கடிதங்கள் 99. சமயம், கல்வி, மருத்துவம், ஒழுக்கம் எனப் பலவும் அவற்றுள் பேசப்படுகின்றன. அவை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அச்சாயின. தமிழ் மூலங்கள் கிடைத்தில. முந்நூறு ஆண்டுகட்கு முன் நம்மவர் தம் கையால் எழுதியதை இன்று நாம் பிறமொழி வழியாகவே படிக்கின்றோம்.

திருமணப் பதிவேடு வைத்தலை 1563-இல் திரெந்து சங்கம் பங்குக் குருமார்க்குக் கடமையாக்கிற்று. 1917-இன் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமோ, பங்கின் ஏடுகளுக்கு ஆண்டுதோறும் படி எடுத்து ஆயரகத்துக்கு அனுப்புமாறு விதித்தது. தோட்டத்துச் சிற்றாலயம் இடிந்தாலும் அங்குப் பிறந்தவரின் ஞானஸ்நானக் குறிப்பை நகரத்துக் கோவிலில் தேடலாம்.

தோட்டத்தின் பிற ஏடுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. கிராணியின் செக்ரோல், மாரியம்மன் கோயில் வரிப் புத்தகம், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு ஆகியன பெரும்பாலும் ஒரே படியாய் ஒரே அலமாரியில் இருந்தவை. 1950, 60-களின் தோட்டத் துண்டாடலில் லயங்கள் கலைந்தபோது அலமாரிகளும் கலைந்தன. பிறப்புச் சான்றிதழ் இல்லாதார்க்கு அச்சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரியே வயதுக்கும் பிறந்த ஊருக்கும் சான்றாக நின்றதுண்டு. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பழைய கோயிற் கணக்கேடு எவர் வீட்டுப் பரணிலேனும் இருக்குமாயின், கறையான் முந்துமுன் அதனைப் படம் பிடித்து, ஒரு படியை மற்றோர் ஊரில் வைக்க ஒரு நாட்பொழுது போதும்.