கவுண்டமணி–செந்திலுக்குத் தனிப் படத்தொடர் ஏன் வரலை?

திருக்கோவிலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போனில் எதைத் தேடுவீங்க? 'கரகாட்டக்காரன்' படத்தையா, 'கவுண்டமணி செந்தில் காமெடி'யையா? 1989-ல் வந்த அந்தப் படத்தின் ஹீரோ ராமராஜன். ஆனா, சட்டுனு ஞாபகம் வர்றது வாழைப்பழம்தான்!

அமெரிக்காவில் இப்படி ஒரு காமெடி கூட்டணிக்குத் தனிப் படத்தொடரே இருந்தது: 'பவரி பாய்ஸ்'. 1946 முதல் 1958 வரை 48 படங்கள். லியோ கோர்ஸி அதட்டுவார். ஹண்ட்ஸ் ஹால் சொதப்புவார்.

எப்படி சாத்தியம்? அங்கே ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டுவார்கள். பெரிய படத்துக்குத் துணையாக ஓட, குறைந்த செலவில் எடுத்த ஒரு மணி நேரப் படம் போதும்.

நம்ம ஊரில் காதல், பாட்டு, சண்டை, சிரிப்பு எல்லாமே ஒரே படத்துக்குள் வரணும். அதனால் காமெடி 'டிராக்' ஆனது. போஸ்டரை ஹீரோ எடுத்துக்கொண்டார். இப்போது யூடியூப்தான் அதை வெட்டியெடுத்து, அந்த ஜோடியின் பெயரிலேயே ஓட்டுகிறது.