புதன்கிழமை வெள்ளை, வெள்ளிக்கிழமை டி-ஷர்ட்... யூனிஃபார்ம் செலவு ஏன் இப்படி எகிறுகிறது?

மே மாதக் கடைசி வாரம். தனியார் நர்சரி, பிரைமரி பள்ளிகளின் அலுவலக ஜன்னல் முன்னால் பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். ஃபீஸ் கட்டிய ரசீதோடு கையில் ஒரு துண்டுச் சீட்டும் வரும். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் அம்மாக்களின் முகம் மாறும்.

தினசரி யூனிஃபார்ம் 2 செட். புதன்கிழமைக்கு வெள்ளை 1 செட். விளையாட்டு வகுப்பு நாளுக்கு ஹவுஸ் கலரில் டி-ஷர்ட், டிராக் பேண்ட் 1 செட். கறுப்பு ஷூ ஒரு ஜோடி, வெள்ளை கேன்வாஸ் ஒரு ஜோடி. சாக்ஸ் இரண்டு நிறத்தில் நான்கு ஜோடி. டை, பெல்ட். ஆறு வயதுக் குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போக மொத்தம் பன்னிரண்டு உருப்படிகள்!

ஒரு கணக்குக்காக, இவை எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 4,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் 8,000 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் வீட்டில், ஒரு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் துணிக்கே போய்விடும். முதல் டேர்ம் ஃபீஸ், புத்தகம், நோட்டு, வேன் கட்டணம் எல்லாம் வந்து நிற்பதும் அதே ஜூன் மாதத்தில்தான். அடகுக் கடைக்குத் தோடு போவதும், சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுப்பதும் பல வீடுகளில் இந்த நேரத்தில்தான் நடக்கிறது.

'பிள்ளைக்குத்தானே செய்கிறோம்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாங்கிவிடுகிறார்கள். ஆனால், ஒரு கேள்வியை யாராவது கேட்டுத்தானே ஆகவேண்டும். சீருடை என்பது எதற்காக வந்தது?

வித்தியாசம் தெரியக்கூடாது என்றுதான்!

பட்டுப் பாவாடை கட்டி வரும் பிள்ளையும், கிழிந்த சட்டை போட்டு வரும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்போது எந்தக் கூச்சமும் வரக்கூடாது. சீருடையின் அடிப்படை எண்ணம் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் ஊர் ஊராகப் பரவியது காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, 1950-களின் கடைசியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். அந்தந்த ஊர் மக்களே தங்கள் பள்ளிக்கு நாற்காலி, கரும்பலகை, கட்டடம் என்று இயன்றதைக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை எடுத்துக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. 'நம்ம ஊர்ப் பிள்ளை துணி இல்லாமல் பள்ளிக்கூடம் வராமல் இருக்கக்கூடாது' என்ற அக்கறைதான் அதன் பின்னால் இருந்தது.

இன்று அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடையை அரசே இலவசமாகத் தருகிறது. ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்து விசைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் இதற்கான துணி நெய்யப்படுகிறது. சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள் அதைத் தைக்கிறார்கள். ஒரு பிள்ளையின் சட்டையில் நெசவாளர் குடும்பத்துக்கும் தையல்காரப் பெண்ணுக்கும் கூலி இருக்கிறது.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. அளவு சரியில்லாமல் தோளில் தொங்கும் சட்டை, பள்ளி திறந்து பல நாள் கழித்து வந்து சேரும் செட் என்று பெற்றோர் சொல்வதுண்டு. கிடைத்த சட்டையைத் தெருமுனைத் தையல் கடையில் கொடுத்துப் பிடித்துத் தைப்பதும் வழக்கம்தான். ஆனாலும், அந்த வீட்டில் யூனிஃபார்முக்காக யாரும் தோட்டைக் கழற்றுவதில்லை.

காசு எங்கே போகிறது?

அப்படியானால் தனியார் பள்ளி யூனிஃபார்ம் மட்டும் ஏன் இவ்வளவு விலை? துணி உசத்தியா? பல நேரங்களில் அப்படி இல்லை.

ஜவுளிக்கடைக்குப் போய் சாதாரண நீல நிற டிரவுசரும் வெள்ளைச் சட்டையும் கேட்டுப் பாருங்கள். பத்துக் கடையில் கிடைக்கும். ஒரு கடையில் விலை அதிகம் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பேரம் பேசலாம். துணி எடுத்துத் தெரிந்த டெய்லரிடமே தைக்கலாம். ஆனால், பள்ளிக்கென்று தனியாக நெய்த கட்டம், பையில் எம்பிராய்டரி லோகோ, காலரில் பள்ளிப் பெயர், சாக்ஸ் விளிம்பில் இரண்டு கோடு என்று வந்துவிட்டால், அது ஒரே இடத்தில்தான் கிடைக்கும். சொன்னதுதான் விலை. ஒரு சாக்ஸ் தொலைந்தாலும் அதே கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சில பள்ளிகளில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டிசைன் மாறுகிறது. அக்கா போட்ட பினோஃபார்ம் நல்ல நிலையில் இருந்தும் தங்கைக்கு உதவாது. துணி கிழிவதற்கு முன்பே அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

ஆறிலிருந்து பத்து வயது வரை குழந்தைகள் வருடத்துக்குச் சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். ஜூனில் முழங்காலைத் தொட்ட பாவாடை அடுத்த ஜூனில் மேலே ஏறிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பிரைமரி பிள்ளைக்கு யூனிஃபார்ம் ஒரு வருடத்துப் பொருள்தான்.

இந்தச் சிக்கலுக்கு மற்ற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள்? பக்கத்தில் இலங்கையில் பெரும்பாலான பள்ளிகளுக்கு வெள்ளைதான் சீருடை. 1993 முதல் அரசு சீருடைத் துணி வழங்கி வருகிறது. எந்தப் பள்ளி என்பதை டையும் பேட்ஜும் காட்டிவிடும். துணி மட்டும் எல்லோருக்கும் பொது.

இங்கிலாந்தில் 2021-ல் இதற்கென்று ஒரு சட்டமே வந்தது. அதன்படி அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், லோகோ போட்ட துணிகளைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரே கடைக்கு மட்டும் விற்கும் உரிமை கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும், பழைய யூனிஃபார்ம் வாங்கப் பெற்றோருக்கு வழி இருக்க வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்கிறது.

நம் நாட்டில் சி.பி.எஸ்.இ. 2017-ல் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வளாகத்துக்குள் புத்தகம், யூனிஃபார்ம் விற்பதையும், குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் நிறுத்தச் சொன்னது. பள்ளி என்பது கல்விக்கான இடம், வியாபாரத்துக்கான இடம் அல்ல என்பதே அதன் சாரம்.

வாசலில் நிற்கும் குழந்தை

பணக் கஷ்டம் பெரியவர்களோடு போய்விட்டால் பரவாயில்லை. அது குழந்தையிடம் போய்ச் சேர்வதுதான் வேதனை.

மழை நாளில் வெள்ளை கேன்வாஸ் காயவில்லை என்று கறுப்பு ஷூவோடு அனுப்பினால், அசெம்பிளியில் தனியாக நிற்க வைக்கிறார்கள். இருப்பது ஒரே வெள்ளை செட். அதில் முந்தின வாரத்துக் குழம்புக் கறை போகவில்லை. 'புதன்கிழமை வயிறு வலிக்கிறது' என்று பிள்ளை சொல்ல ஆரம்பித்தால், வலி வயிற்றில்தானா என்று கவனிக்க வேண்டியிருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு வீட்டு வரவு செலவு தெரியாது. மிஸ் ஏன் திட்டினார் என்று மட்டும் தெரியும். தப்பு தன்னுடையது என்றே அது நினைத்துக்கொள்ளும்.

யூனிஃபார்ம் வாங்குவது பெற்றோர் வேலை. அதற்கான தண்டனை பிள்ளைக்கு ஏன்? 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தைகளை அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மன உளைச்சல் கொடுப்பதையும் தடை செய்கிறது. சாக்ஸ் நிறம் மாறியதற்காக எல்லோர் முன்னாலும் ஒரு குழந்தையை நிற்க வைப்பதை வேறு என்னவென்று சொல்வது?

இதே சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இட ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படிப்புக் கட்டணம் இல்லை என்று நம்பிச் சேர்த்த பெற்றோரிடம் யூனிஃபார்முக்கும் புத்தகத்துக்கும் ஆயிரக்கணக்கில் கேட்டதாக வந்த ஒரு வழக்கில், அந்தச் செலவையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர், பணம் கேட்டால் உடனே கட்டிவிடாமல், எதற்காக என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

வெயிலையும் யோசிக்க வேண்டும். 2023-ல் வெயில் தாங்காமல் தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளை ஜூன் 14-ம் தேதிதான் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் கழுத்தை இறுக்கும் டையும், காற்றே புகாத பாலியஸ்டர் துணியும், நாள் முழுக்க ஷூவும் ஆறு வயதுக் குழந்தைக்குத் தேவைதானா? பட்டியலில் இருந்து டையை எடுத்தாலே காசும் மிச்சம், கழுத்தில் வேர்க்குருவும் மிச்சம்.

சேர்ந்து கேட்டால் நடக்கும்

ஒரு அம்மா தனியாகப் போய்க் கேட்டால், 'கஷ்டமா இருந்தா வேற ஸ்கூல் பாருங்க' என்ற பதில் வரலாம். அந்தப் பயத்தில்தான் பலரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு வகுப்பில் இருபது பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பேச்சு மாறும். கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை.

* எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண நிறத் துணி போதும். லோகோவைத் தனி பேட்ஜாகக் கொடுங்கள், நாங்களே தைத்துக்கொள்கிறோம்.
* டிசைனை மாற்றுவதென்றால் ஒரு வருடம் முன்பே சொல்லுங்கள். பழையது கிழியும்வரை போட அனுமதியுங்கள்.
* பிரைமரி வகுப்புக்கு ஒரே வகை யூனிஃபார்ம், ஒரே ஷூ போதும்.
* சின்னதாகிப்போன யூனிஃபார்மை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ள பள்ளியில் ஒரு அலமாரி கொடுங்கள்.

இந்தப் பேச்சை எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். ஜூனில் கேட்டால் 'ஆர்டர் கொடுத்தாச்சு' என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்திலேயே எழுப்பிவிட வேண்டும்.

கடைசி கோரிக்கைக்குப் பள்ளியின் தயவுகூடத் தேவையில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் 'ரெண்டாம் கிளாஸ் பினோஃபார்ம், 26 சைஸ், நல்லா இருக்கு, வேணும்கிறவங்க வாங்கிக்கலாம்' என்று ஒருவர் போட்டால் போதும். முதலில் போடத்தான் கூச்சம். 'அடுத்தவங்க போட்ட துணியா' என்று யோசிப்பவர்கள், பெரியப்பா மகன் சட்டையைப் போட்டு வளர்ந்த தங்கள் சின்ன வயதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். வசதியாக இருக்கும் வீட்டார் முதலில் எடுத்துப் போட ஆரம்பித்தால், இல்லாதவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போகும்.

வாங்கும்போது கவனிக்க...

* தைக்கக் கொடுத்தால் பாவாடை, பேண்டின் கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். வருட நடுவில் பிரித்துவிட்டால் அடுத்த வருடமும் வரும்.
* காட்டன் துணியானால் தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள். பிறகு சுருங்காது.
* இடுப்புக்குப் பட்டனோடு எலாஸ்டிக்கும் இருந்தால், சாப்பிட்ட பிறகு பிடிக்காது, வளர்ந்தாலும் சமாளிக்கும்.
* நான்கு செட் கேட்டாலும் முதலில் இரண்டு மட்டும் வாங்கலாமா என்று விசாரியுங்கள். மீதியை அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு, அப்போதைய அளவில் வாங்கலாம்.
* ஷூவை மட்டும் ஒரேயடியாகப் பெரிதாக வாங்காதீர்கள். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் என்றால் குழந்தை தடுக்கி விழும்.
* காலருக்கு உள்ளே பெயரைத் தைத்துவிடுங்கள். ஒரே மாதிரி இருபது சட்டையில் நம்முடையது தொலையாது.

ஜூன் மாதக் காலையில், எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு, மடிப்புக் கலையாத சட்டையில் பிள்ளை வேன் ஏறும் அழகு எந்த வீட்டுக்கும் பொதுவானது. தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் அந்த நேரத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் சீருடையே வந்தது. அந்தச் சட்டையை வாங்குவதற்கே ஒரு வீடு கடன்பட வேண்டியிருந்தால், மாற வேண்டியது அந்த வீடு அல்ல, பள்ளி கொடுக்கும் பட்டியல்தான்.