தூண்டிலுங் கெண்டையும்

கெண்டை யென்றவுடன் தமிழ் பயிலும் மாணவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கண்ணேயன்றி மீனன்று. கயலென்றும் சேலென்றும் கெண்டையென்றும் புலவர்கள் கண்ணுக்கு உவமை கூறக் கேட்டுக் கேட்டு, அம்மீன் நீரில் வாழ்வதென்பதையே யாம் மறந்துவிட்டோம் எனலாம். பாண்டியர் தங் கொடியிற் பொறித்ததும் கயலே. ஏட்டிலே பன்முறை கண்ட மீனைக் குளத்திலே காணவேண்டுமென்னும் ஆவல் கொண்டு, சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பரொருவருடன், தாமிரவருணிக் கால்வாயொன்றால் நிரம்புங் குளத்தின் கரையிற் பல நாள் தூண்டிலுங் கையுமாய் அமர்ந்திருந்தோம். அங்கே கற்றவற்றுட் சிலவற்றை இப்பழக்கமில்லாத தோழர்களின் பொருட்டு எழுதுகின்றோம். அவற்றுட் பெரும்பாலன எம் பிழைகளாற் கற்றவையே.

முதற் பிழை, கேளாமற் போய் அமர்ந்தது. குளத்து மீன் மழையோடு வந்தது, யார் பிடித்தாலும் குற்றமில்லை என்று எண்ணியிருந்தோம். குத்தகைக்காரராகிய பெரியவர் வந்து, "தம்பிகளா, இது தானாய் வந்த மீன் அன்று, நான் கடன் வாங்கி விட்ட மீன்," என்றார். அவர் கூறியது உண்மையே. இக்காலத்துக் குளங்களில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூவகைக் கெண்டைகளும் கங்கை முதலிய வடநாட்டாறுகளுக்கு உரியன. மழைக்காலத்து ஓடுநீரில் முட்டையிடும் இயல்பினவாகலின், தேங்கிய குளத்தில் அவை தாமாக இனம் பெருக்குவதில்லை. 1957-ஆம் ஆண்டில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியினின்று எடுத்த சாற்றை ஊசிவழியே ஏற்றி இவ்வினங்களை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே குஞ்சுகள் வேண்டிய அளவிற் கிடைக்கலாயின. ஆகவே, குளத்துக் கட்லா ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். யாம் மன்னிப்பு வேண்டவே, பெரியவர் இரண்டு விதிகளுடன் இசைவளித்தார்: அரைக் கிலோவுக்குக் குறைந்த மீனை நீரில் விட்டுவிடவேண்டும், மிகுந்ததை எடைபோட்டு விலை தரவேண்டும்.

இனி, எந்த மீன் எவ்விடத்து மேயுமென்பதை அதன் வாயே காட்டிவிடும். கட்லாவின் வாய் மேல்நோக்கி நிற்பது. அது மேல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது. ரோகு நடுநீரில் உலவும். மிர்காலும், அயல்நாட்டினின்று வந்த சாதாக் கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறுவன. (இச் சாதாக் கெண்டையின் ஒரு வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது.) எனவே ஆழம் அறியாது தூண்டில் போடுதல் வீணே. ஈயக்குண்டொன்றை முள்ளிற் கோத்து இறக்குக. தக்கை முழுகிவிட்டால் அதனை நரம்பில் மேலேற்றுக. சாய்ந்து கிடந்தாற் கீழிறக்குக. நுனி மட்டும் தெரிய நிமிர்ந்து நிற்குமாயின் முள் அடியைத் தொட்டிருக்கிறதென்பது பொருள். மயிலிறகின் தண்டினும் நல்ல தக்கையை யாம் கண்டிலேம்.

யாம் எல்லாவற்றினும் பிந்தி அறிந்து வியந்தது கெண்டையின் செவி. புறத்தே காது காணப்படாமையால் அது கேளாதென்று கருதி, யாமிருவரும் கரையில் நடந்தும், இலக்கணப் பாடத்தைப்பற்றி உரக்க வழக்காடியும் இரு நாளைக் கழித்தோம். கெண்டையினத்து மீன்களின் காற்றுப்பையையும் உட்செவியையும் சிற்றெலும்புகளின் தொடரொன்று இணைக்கின்றது. வெபர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை 1820-இல் விளக்கினார். நீரில் வரும் அதிர்வு காற்றுப்பையிற் பட்டு, இவ்வெலும்புகளின் வழியே செவியை எட்டுகின்றது. பேச்சொலியினும் கரையில் மிதிக்கும் காலதிர்வே நீருக்குள் எளிதிற் செல்வது. மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு, நீர்விளிம்பினின்று நாலடி பின்வாங்கி அமர்ந்தோம். அன்றுதான் தக்கை முதன்முதல் அசைந்தது.

இரை பற்றிப் பெரிதும் எழுதவேண்டியதில்லை. மைதா மாவையும் வறுத்த தவிட்டையும் கடலைப்புண்ணாக்குத் தூளையும் பிசைந்து, நீரிற் கரையாதிருக்கச் சிறிது பஞ்சு நாரைச் சேர்த்து உருட்டினாற் போதும். சிறு பொடிமீன்கள் கொத்திக் கொண்டுபோகுமாயின் உருண்டையைப் பெரிதாகவும் கெட்டியாகவும் செய்க. புண்ணாக்கு உருண்டைகள் சிலவற்றை ஒரே இடத்தில் முந்தின மாலையே எறிந்துவைத்தல் நன்று. விடியற்காலையே மிக நல்ல வேளையென்று பலரும் கூறுவர். எம் அனுபவம் அவ்வாறன்று. இரவெல்லாம் நீர்ப்பாசிகளும் உயிர்களும் மூச்சுவிடுதலாற் குளத்து நீரில் உயிர்வளி விடியலிற் குறைந்திருக்கும். மேற்பரப்பில் வாய் திறந்து திணறும் மீனுக்கு உணவில் நாட்டமேது? வெயிலேறி இரண்டு நாழிகை கழிந்த பின்னரே மீன் இரைகொண்டது.

தக்கை அசைந்தவுடன் சுண்டியிழுப்பது புதியவர் யாவரும் செய்வது. கெண்டைக்குத் தாடையிற் பல்லில்லை. தொண்டையிலுள்ள பற்களால் அரைத்துண்பது அது. இரையை உறிஞ்சும், உமிழும், மீண்டும் உறிஞ்சும். தக்கையின் சிறு நடுக்கமெல்லாம் இச்சோதனையே. தக்கை ஒரு பக்கமாக நகர்ந்து மெல்ல அமிழும்போது தூக்கவேண்டும். சிலவேளை அமிழாமல் மேலெழுந்து படுக்கும். அடியிலுள்ள மீன் ஈயத்தோடு இரையைத் தூக்கிவிட்டதென்பது அதன் பொருள். பேதுரு முதலிற் பிடித்த மீனின் வாயிலே காசிருந்தது. யாமோ முதல் மூன்று நாளும் முள்ளில் மாவைக்கூடத் திரும்பப் பெறவில்லை.

நான்காம் நாள் நண்பகலில் நிகழ்ந்ததை நண்பரின் இசைவுடன் எழுதுகின்றோம். அவருடைய கழி, அவர்தந் தந்தையார் மூங்கில் தேர்ந்து, தீயில் வாட்டி நிமிர்த்துச் செய்தது. தந்தையார் இப்போது இல்லை. இரண்டு மணிநேரம் ஒன்றும் அசையாமையால் அவர் கழியைக் கரையில் வைத்துவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சலசலப்புக் கேட்டுத் திரும்பினோம். கழி நீர்மேல் ஓடிக்கொண்டிருந்தது. சேறும் ஆழமும் அறியாத குளத்தில் இறங்க எமக்குத் துணிவில்லை. நண்பர் ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். செய்தி கேட்டு வந்த பெரியவர் அவரைத் தேற்றவில்லை. "கழி போனது உனக்கு நட்டம், தம்பி. வாயில் முள்ளும் வாலுக்குப் பின்னே மூங்கிலுமாய் அது எங்கே போய் மேயும்?" என்றார். அவ்வினா எம் இருவருக்கும் அதுவரை தோன்றவேயில்லை.

மறுநாட் காலையிற் குளத்தின் தென்மூலையில், அல்லிக்கொடிகளுக்கிடையே கழி நிற்பதைக் கண்டோம். பெரியவர் காற்றடைத்த லாரி டியூபொன்றின்மீது கைகளால் துழாவிச் சென்று, கொடிகளை ஒவ்வொன்றாக அறுத்து, நரம்பின் முனையில் ஒரு ரோகு மீனைக் கண்டார். மூன்று கிலோவுக்குக் குறையாது. கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட்டார். உலர்ந்த கையும் கரைப்புழுதியும் மீனின் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிட்டால் அதற்கு நோய் வருமென்பது அவர் எமக்கு முன்னரே சொல்லியது. முள்ளை நீக்கியபின் எறிந்துவிடாமல், வயிற்றின்கீழ்க் கைகொடுத்து நீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்திருந்தார். நெடுநேரம் அது செவுளை மட்டும் அசைத்தது. பின்னர் வால் ஒருமுறை வளைந்தது. கையை எடுத்தார், மீன் மறைந்தது.

விற்றாற் பணமாயிற்றே என்று யாம் வியந்து கேட்டதற்கு, "சித்திரையில் நீர் வற்றும், அப்போது வலைபோட்டு இவனைப் பார்த்துக்கொள்கிறேன்," என்று சொல்லிக் கழியை நண்பர் கையிற் கொடுத்தார்.

நண்பர் இப்போதெல்லாம் பொட்டலத்தைப் பிரிக்குமுன் தூண்டிலை நீரினின்றும் எடுத்துவிடுகின்றார். அன்று மாலை எமக்கு இரண்டு மிர்கால் கிடைத்தன. இரண்டும் அரைக் கிலோவுக்குக் குறைந்தவை.